பேரா அணியும் நம் தோட்டத்துத் திடல்களும்



2025-ஆம் ஆண்டின் நடுவில் பேரா காற்பந்துக் கழகம் மலேசிய சூப்பர் லீக் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. நிதிச்சுமையைத் தாங்க இயலவில்லை என்பதே காரணம். அச்செய்தி வந்த மறுநாள் எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பேசியவர்கள் இருவர் மட்டுமே. அவர்களுள் நானும் ஒருவன். "போனால் போகட்டும் சார், நமக்கும் அந்த அணிக்கும் என்ன தொடர்பு?" என்று இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். லிவர்பூல் அணியின் பதினொருவர் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். பேரா அணியின் ஒரு பெயரும் அவருக்குத் தெரியாது.

தொடர்பு உண்டு. அதை அவருக்கு மட்டுமல்லாமல், நம் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சேர்த்தே எழுத விரும்புகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியக் கிண்ணத்தின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனுக்கு எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பல் கிடைத்தது. அதைக் கட்டுவதற்கான பணத்தைக் கொடுத்தவை பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்கள். அக்கப்பல் 1916-இல் ஜட்லாண்ட் கடற்போரில் கலந்துகொண்டது. 1921-இல் மலாயாவிற்கு வருகை தந்தபோது, தமக்குக் கிடைத்த வரவேற்பிற்கு நன்றியாக அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் இரண்டு கிண்ணங்களை அளித்தனர். ஒன்று ரக்பிக்கு, மற்றொன்று காற்பந்துக்கு. காற்பந்துக் கிண்ணம் மலாயாக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டே தொடங்கிய முதல் போட்டியில் பங்கேற்ற ஆறு அணிகளுள் பேராவும் ஒன்று. 1967-இல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது.

கப்பலைக் கட்டிக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. அபினி வரியிலிருந்தும் வந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தைத் தோண்டியவர்கள் சீனர்கள். ரப்பர் மரத்தைச் சீவியவர்களுள் பெரும்பான்மையினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர். அவர்கள் வியர்வையின் ஒரு துளி அந்தக் கிண்ணத்திலும் இருக்கிறது. இதை மிகைப்பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரவு செலவுக் கணக்காகவே சொல்கிறேன். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரு செய்தியையாவது வகுப்பில் சொல்லலாம்.

பேரா அணி அக்கிண்ணத்தை எட்டு முறை வென்றுள்ளது: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. முப்பதுக்கும் மேற்பட்ட முறை வென்ற சிலாங்கூருடன் ஒப்பிட்டால் இது பெரிய பட்டியல் அன்று. ஆனால் இடைவெளிகளைப் பாருங்கள். 1931-க்குப் பிறகு இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்து, நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் வென்றார்கள். 1970-க்குப் பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகே அடுத்த கிண்ணம் வந்தது. 1990-இல் எஃப்.ஏ. கிண்ணப் போட்டி முதன்முறையாக நடந்தபோது அதை வென்றதும் பேராதான். 2004-இல் மறுமுறை வென்றது. 2002, 2003 ஆகிய ஈராண்டுகளும் லீக் பட்டம் ஈப்போவிற்கு வந்தது. ஆசியாவின் சிறந்த கோல்காவலர் எனப் போற்றப்பட்ட, பின்னாளில் ஹாங்காங் சென்று விளையாடிய சௌ சீ கியோங் ஈப்போவில் பிறந்தவர்.

2018-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். ஷா ஆலாம் அரங்கில் திரங்கானு அணிக்கு எதிரான ஆட்டம். இரண்டுக்கு மூன்று எனப் பேரா பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியப் போகும் தறுவாயில், வீணான நேரத்திற்கு ஈடாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில், பிரெண்டன் கான் கோல் அடித்துச் சமப்படுத்தினார். பின்னர் பினால்டி உதைகளில் 4-1 என வெற்றி. அன்றிரவு எங்கள் தாமானில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடின்றி வாகனங்கள் ஒலியெழுப்பிக்கொண்டு சுற்றின. அக்காலக்கட்டத்தில் டி. கென்னி பால்ராஜ், ஜே. பார்த்திபன் போன்ற நம்மவரும் பேரா அணியில் விளையாடினர். ஏழே ஆண்டுகளில் அந்த அணி லீக்கை விட்டே வெளியேறிவிட்டது.

கிண்ணங்களின் கதை இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது திடல்களின் கதை.

என் தந்தையார் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். இருட்டோடு நிரைக்குச் சென்றால் மரம் சீவி, கோப்பைப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகல் தாண்டி வீடு திரும்புவார். குளித்து, உண்டு, சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால் மாலை ஐந்து மணி. அதற்குமேல் இருட்டும் வரை என்ன செய்வது? தோட்டத்தில் இரண்டே இடங்கள் இருந்தன: ஒன்று கள்ளுக்கடை, மற்றொன்று திடல். திடலுக்குப் போனவர்கள் பிழைத்தார்கள் என்று என் பாட்டி சொல்வார்.

தோட்டத்துக் காற்பந்து வளர்ந்ததற்குக் காரணம் இந்தப் பொழுதமைப்பே என்று நான் கருதுகிறேன். சீவுத் தொழில் காலையோடு முடிந்துவிடும். ஆலைத் தொழிலாளிக்கோ கடைச் சிப்பந்திக்கோ கிடைக்காத அந்தி வெளிச்சம் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்தது. திடலும் அருகிலேயே இருந்தது. லயத்துக்கும் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில் ஒரு சமதரை. மாடுகள் மேய்ந்து புல்லை மட்டம் செய்துவிடும். பந்து ஒன்று போதும். கோல் கம்பத்திற்கு மூங்கில் உண்டு.

அணியின் அமைப்பும் விந்தையானது. பகலில் கிராணி நாற்காலியில் அமர்ந்திருப்பார், தொழிலாளி கைகட்டி நிற்பார். மாலையில் அதே கிராணியைத் தொழிலாளியின் மகன் வெட்டி ஏமாற்றிப் பந்தைக் கொண்டு போவான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மருந்துக்கடை டிரெசர் கோல்காவலர், தண்டல் தற்காப்பு. சட்டை வாங்கத் துரை பணம் கொடுத்தால் உண்டு, இல்லையேல் கோயில் திருவிழா வசூலில் மிஞ்சியது. பெரும்பாலோர் வெறுங்கால். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியேறிப் பக்கத்துத் தோட்டத்திற்குப் போவார்கள். வென்று திரும்பினால் லாரி வரும் ஓசையிலேயே தெரிந்துவிடுமாம். தோற்றால் லாரி மெதுவாக வருமாம்!

இந்தத் தோட்ட அணிகளுக்கும் மாநில அணிக்கும் இடையே ஏணி ஒன்று இருந்தது. தோட்டத்தில் நன்றாக விளையாடுபவன் மாவட்ட லீக் அணிகளின் கண்ணில் படுவான். அங்கிருந்து மின்வாரியம், பொதுப்பணித்துறை, ரயில்வே, காவல்துறை, இராணுவம் ஆகியவற்றின் அணிகளுக்கு. அக்காலத்தில் விளையாட்டாளர்கள் தொழில்முறையினர் அல்லர். அலுவலக வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பயிற்சி செய்தனர். காற்பந்து ஒருவனுக்கு அரசாங்க வேலையையும் வாங்கிக் கொடுத்தது; தோட்டத்து இளைஞனுக்கு வேறெந்த வழியாலும் எளிதில் கிட்டாத வேலை. மாவட்ட ஆட்டங்களிலிருந்து மாநில அணிக்குத் தெரிவு நடந்தது. ஏணியின் உச்சிக்குச் சென்ற தமிழர்கள் நாடெங்கும் உண்டு. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சென்ற மலேசிய அணியின் தலைவர் எம். சந்திரன். 'சிலந்தி மனிதர்' எனப் பெயர் பெற்ற சிலாங்கூர்க் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மறைந்தபோது எங்கள் லயத்தில் அடுப்பெரியாத வீடுகளும் இருந்தன. 2010-இல் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று பாடுபவன் அல்லன் நான். ஒழுகும் கூரையும், கள்ளும், கடனும், ஆறாம் ஆண்டோடு நின்றுபோன படிப்பும் அதில் இருந்தன. என் தந்தையார் என்னைப் பால்வாளி தூக்க விடவில்லை. அதற்காக இன்றும் அவரை வணங்குகிறேன். ஆனால் அந்த வறுமையின் நடுவிலும் ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஒரு திடல் இருந்தது. வறுமையை விட்டு வெளியேறியபோது திடலையும் விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களைக் கூறுகூறாக விற்றன. அதனைத் தடுக்கவே நம் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. 80-களிலும் 90-களிலும் ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் புந்தோங்கிற்கும் சிலிபினுக்கும் செம்மோருக்கும் குடிபெயர்ந்தனர். மலிவுவிலை அடுக்குமாடிகளில் கார் நிறுத்த இடமில்லை. பந்துக்கு எங்கே இடம்? தாமான்களில் திடல் என்ற பெயரில் ஓர் ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும் இருக்கின்றன. அங்கே மாலையில் கூடும் இளைஞர்களைப் பார்த்துப் பெற்றோர் அஞ்சுகின்றனர். குண்டர் கும்பல் பிள்ளையை இழுத்துக்கொள்ளுமோ என்று. அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே காலத்தில்தான் மலேசியக் காற்பந்தும் மாறியது. 1989-இல் பகுதித் தொழில்முறை லீக், 1994-இல் முழுத் தொழில்முறை லீக். ஆட்டக்காரருக்குச் சம்பளம் வந்தது. சூதாட்டக்காரரும் உடன் வந்தனர். 1994, 1995-ஆம் ஆண்டுகளின் ஆட்ட முறைகேட்டு விசாரணையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பின் அரங்கத்திற்குப் போகும் ஆர்வமே பலருக்கு விட்டுப்போயிற்று. வாரக்கடைசியில் தொலைக்காட்சியில் இங்கிலாந்து ஆட்டம் வந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள்.

பேரா அணியின் வீழ்ச்சியை ஆண்டுவாரியாகப் பார்த்தால் வருத்தமே மிஞ்சும். 2021-இல் மாநிலச் சங்கங்கள் தனிக் கழகங்களாக மாற்றப்பட்டன. அவ்வாண்டே சம்பள பாக்கியில் சிக்கி, பேரா சூப்பர் லீக்கிலிருந்து இறக்கப்பட்டது. 2022-இல் கழகம் தனியார் கைக்குப் போய், இரண்டாம் நிலை லீக்கில் தள்ளாடியது. 2023-இல் லீக் விரிவாக்கப்பட்டதால் மேலே வந்தது. தன் காலால் ஏறி வரவில்லை. 2025-இல் வெளியேறியது. இடையில் ஈப்போவிலிருந்தே பி.கே.என்.பி. என்னும் இன்னோர் அணியும் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் சூப்பர் லீக்கில் ஆடியது. அதுவும் இன்று அங்கில்லை.

"நமக்கென்று தனி அணி இருந்தால் போதும்" என்பாரும் உளர். அதையும் பார்த்தாயிற்று. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மீஃபா அணி 2017-இல் பிரிமியர் லீக்கிற்கு வந்தது. 2019-இல் பி.ஜே. சிட்டி என்னும் பெயரில் சூப்பர் லீக்கை எட்டியது. 2021-இல் வெளிநாட்டார் ஒருவருமின்றி, முழுக்க உள்நாட்டு விளையாட்டாளர்களைக் கொண்டு, பி. மணியம் அவர்களின் பயிற்சியில் அந்த லீக்கில் தாக்குப்பிடித்தது. நான் மிகவும் மதித்த அணி அது. 2022-ஆம் ஆண்டுப் பருவத்தோடு அதுவும் விலகிக்கொண்டது. பணம் கொடுப்பவர் கையை எடுத்தால் கழகம் விழுந்துவிடுகிறது. அணியின் சட்டை நிறம் எதுவாயினும், பெயர்ப்பட்டியல் யாருடையதாயினும் இதுவே நிலை.

பணமில்லாமல் தொழில்முறை அணி நடக்காது என்பதை அறிவேன். தோட்டத்துப் பந்து ஒன்றை வைத்துக்கொண்டு சூப்பர் லீக் ஆட முடியாது. ஆயினும், சொந்த மண்ணில் விளைந்த பிள்ளைகளால் அமைந்த அணிக்குச் செலவு குறைவு. அப்பிள்ளைகளின் தாய் தந்தையர், மாமன் மச்சான், பள்ளி ஆசிரியர் என ஊரே அரங்கத்திற்கு வரும். நுழைவுச்சீட்டுப் பணம் வரும். கழகம் தடுமாறும்போது தட்டிக்கேட்க ஆட்கள் இருப்பார்கள். பேரா விலகியபோது ஆசிரியர் அறையில் இருவரே பேசினோம் என்றேனே, அதுதான் நோயின் அடையாளம். எவர் வீட்டுப் பிள்ளையும் அதில் இல்லை. ஆகவே எவருக்கும் வலிக்கவில்லை.

இனி நம் பக்கத்திற்கு வருவோம். நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் பேரா; 134 பள்ளிகள். அவற்றுள் பல, தோட்டம் அழிந்த பின்னும் செம்பனைக்கு நடுவே நிற்கும் குறைந்த மாணவர் பள்ளிகள். பதினொருவரைச் சேர்ப்பதே பெரும்பாடு. எழுவர் ஆட்டத்திற்குக்கூட நான்காம் ஆண்டுப் பையனை இழுத்துவந்து நிறுத்துகிறோம். 2011 முதல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கை இருக்கிறது. நடைமுறையில் புறப்பாடப் பதிவேட்டில் கையெழுத்து விழுகிறது; பந்து சாமான் அறையில் காற்றிழந்து கிடக்கிறது. 2014-இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தில் ஆரம்பப்பள்ளி வயதிலேயே பிள்ளைகளைத் தெரிவு செய்கிறார்கள். பத்து வயதிற்குள் பந்தோடு பழகாத பிள்ளை அந்த வாசலுக்கே போவதில்லை. தெரிவில் பாகுபாடு உண்டா என்று கேட்பவர்களுக்கு: இருக்கலாம், பேசுவோம், ஆனால் நாம் தெரிவுக்கு எத்தனை பிள்ளைகளை அனுப்பினோம் என்ற கணக்கும் கையில் இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காட்டி உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்கு எடுத்துக்கொண்டோம். 2021-இல் அத்தேர்வே அகற்றப்பட்டுவிட்டது. இன்னும் சில பள்ளிகளில் அப்பழக்கம் மட்டும் தொடர்கிறது. பெற்றோரும் "விளையாடினால் படிப்புக் கெடும்" என்கின்றனர். மாலையில் இரண்டு மணி நேரம் டியூஷன், அதன்பின் கைப்பேசி. கைப்பேசியில் அவன் ஆடுவதும் காற்பந்துதான்!

எங்கள் பள்ளிக்கு நல்வாய்ப்பாக ஒரு திடல் இருக்கிறது. பழைய தோட்டத் திடலின் மிச்சம் அது. இப்பொழுது அதில் பாதியைச் சமன்படுத்தித் தார் போட்டு, வாகனம் நிறுத்துமிடமாக்கலாம் என்றொரு முன்மொழிவு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் வந்துள்ளது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிடும் நெரிசல் உண்மையே. மழை நாளில் பெற்றோர் படும் துன்பத்தை நானும் வாசலில் நின்று பார்க்கிறேன். ஆனால் அந்நெரிசல் நாளொன்றுக்கு இருபது நிமிடம். தார் போட்டால் புல் மறுபடியும் முளைக்காது. மாற்று வழியாக, வகுப்புவாரியாக இறக்கிவிடும் நேரத்தைப் பத்து நிமிட இடைவெளியில் பிரிக்கலாம் என்றும், கோயில் முன்புறத்து வெற்றிடத்தைக் காலை வேளையில் பயன்படுத்த நிருவாகத்திடம் கேட்கலாம் என்றும் எழுத்து வடிவில் கொடுத்திருக்கிறேன். கோயில் தலைவர் வாய்மொழியாகச் சம்மதம் சொல்லியிருக்கிறார்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் நடைபெறுகிறது. சங்க உறுப்பினரான பெற்றோர்கள் அனைவரும் தவறாமல் வந்து வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னதாக, தோட்டத்தில் பந்து விளையாடிய தாத்தாக்கள் வீட்டில் இருந்தால் அழைத்து வாருங்கள்; பழைய அணிப் படங்கள் இருந்தால் கொடுத்து அனுப்புங்கள், படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். பின்புறம் ஆண்டும் தோட்டத்தின் பெயரும் எழுதியிருந்தால் மிகவும் நல்லது.